தோட்டா இல்லாத துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உரிமத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்து வாசகர்கள் எல்லோருக்கும் ஒரே குறை, தோட்டா கிடைக்கவில்லை என்பதுதான். அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

என் தாத்தா வாங்கிய இரட்டைக் குழல் 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கி இப்போது என் பெயரில் உரிமத்தோடு இருக்கிறது. தோப்புக்குள் தனி வீடு என்பதால் காவலுக்கு வைத்திருக்கிறோம். தோட்டாவுக்காக மதுரைக்கு மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். நான்காம் முறை பத்துத் தோட்டா மட்டும் கொடுத்தார்கள். உரிமத்தில் எழுதியுள்ள அளவைக் கேட்டுப் பெற எனக்கு உரிமை இல்லையா?
— உச்சிப்புளி வாசகர்

உரிமப் புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது ஒன்று. ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை வாங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே உச்ச வரம்புகள். அந்த அளவைக் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தட்டுப்பாட்டின் காரணம் கடைக்கு வெகுதூரத்தில் இருக்கிறது. நம் ஊரில் புழங்கும் 12 போர் தோட்டாவில் பெரும்பங்கு, புணேக்கு அருகில் கட்கியில் உள்ள அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையின் 'சக்திமான்' வகை. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது வெடிமருந்துப் பிரிவு 'முனிஷன்ஸ் இந்தியா' என்ற பெயரில் வந்தது. பெயர் மாறினாலும் அங்கே முதல் பந்தி படைகளுக்குத்தான். நமக்கு உரியது கடைசிப் பந்தி. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து கடையில் விற்பதற்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. ஆகவே ஒரு வாய்க்காலில் வரும் தண்ணீரைத்தான் கடைமடை வரை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கடைக்காரரிடம் உங்கள் தேவையைப் பதிந்து வைத்து, சரக்கு வந்ததா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பஸ்ஸில் போய்த் திரும்புவது வீண். உரிமத்தில் யு.ஐ.என். எனும் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும் என்பதால் பலர் தேதியையே மறந்துவிடுகிறார்கள். மற்றபடி, காவலுக்கு வைத்திருக்கும் துப்பாக்கிக்குப் பத்துத் தோட்டா குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. சென்ற பத்து ஆண்டுகளில் எத்தனை தடவை சுட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'தாத்தா வாங்கிய' என்ற சொல். தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்கி வருபவர்கள் தோட்டாவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. அக்காலத்து ஆங்கிலேய, பெல்ஜியத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்; இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவை 70 மில்லிமீட்டர். இதில் ஒரு சூது இருக்கிறது. 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால், அது 65 மில்லிமீட்டர் அறைக்குள் சிறு தடையும் இல்லாமல் போய் உட்காரும். பொருந்திவிட்டது என்று நீங்களும் நினைப்பீர்கள். விசையை இழுத்ததும் அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அறையிலிருந்து குழலுக்குள் போகும் வழியைக் குறுக்கும், உள்ளே அழுத்தம் ஏறும். துப்பாக்கியைப் பிரித்துக் குழலின் அடிப்பக்கத் தட்டைப் பாருங்கள். 12–65 என்றோ இரண்டரை அங்குலம் என்றோ பொறித்திருந்தால் 70 தோட்டாவைத் தொடவேண்டாம். குழலின் மேல் பாய்ப் பின்னல் போன்ற வரிகள் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்தது. அதற்கு இன்றைய தோட்டா எதுவுமே வேண்டாம். நல்ல துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் அதைச் சுடாதீர்கள்.

12 இல்லை என்றால் 20 போர் கிடைக்குமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். போர் எண் கூடினால் தோட்டா சிறுக்கும். ஆகவே 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கும், வெளியே தெரியாது. காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதற்கே காரணம் இந்த விபத்துதான்.

அப்பா காலத்துத் தோட்டாக்கள் முப்பதுக்கு மேல் அலமாரியில் கிடக்கின்றன. அடியில் உள்ள பித்தளையில் பச்சை ஏறியிருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்தால் பயன்படுமா?
— கீழக்கரை வாசகர்

எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். பித்தளை அடியின் நடுவில் வட்டமாக இருக்கிறதே, மருந்துக்குத் தீ மூட்டும் அந்தக் கேப்பின் ஓரமாக எண்ணெய் கசிந்து உள்ளே போனால் மருந்து செத்துவிடும். வெயில் அதைவிடக் கேடு. சூட்டில் மருந்தின் தன்மை கெடும்.

உப்புக் காற்று இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. என் தந்தையார் தோட்டாக்களை ஒரு மரப்பெட்டியில் அடுப்படிப் பரணில் வைத்திருந்தார். அடுப்புச் சூட்டில் ஈரம் ஏறாது என்பது அவர் கணக்கு. அவை அட்டைக்கூட்டுத் தோட்டாக்கள். ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் அட்டை ஊறி உப்பிப் பாதித் தோட்டாக்கள் அறைக்குள் நுழையவே இல்லை. ஒன்று பாதி நுழைந்து மாட்டிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. சித்தப்பா உலக்கையின் பூணால் அதைத் தட்டப் போனார். அம்மா வந்து உலக்கையைப் பிடுங்கியதால் இன்று இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பச்சைக் களிம்பு லேசாக, விரலால் துடைத்தால் போகிற அளவில் இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஆயுதக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். களிம்பு பித்தளையை அரித்துக் குழி விழுந்திருந்தாலோ, கூடு உப்பியிருந்தாலோ, கேப்பைச் சுற்றி நிறம் மாறியிருந்தாலோ அது கழிவு. கிணற்றிலோ கடலிலோ வீசாதீர்கள். நாளைக்கு யாராவது ஒருவருடைய வலையில் ஏறி வரும். எண்ணிக்கையைக் குறித்து, எழுத்து மூலம் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதம் உள்ளவற்றை இறுக்கமான மூடி உள்ள தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வாங்கிய தேதியை மேலே எழுதிப் பூட்டி வையுங்கள். பழைய தோட்டா வெடிக்காமல் போனால் உடனே துப்பாக்கியைத் திறக்கக் கூடாது. ஆளில்லாத பக்கம் நோக்கியபடியே அரை நிமிடம் பிடித்திருங்கள், சில சமயம் தாமதமாக வெடிக்கும். சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டால் அடுத்ததைச் சுடாமல், துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுக் குழலுக்குள் அடைப்பு நிற்கிறதா என்று பாருங்கள்.

பயிர்க் காவலுக்கு எனக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் இருக்கிறது. கரிமருந்தும் கேப்பும் கிடைக்கவில்லை. காட்டுப்பன்றி கடலையைத் தோண்டிப்போடுகிறது. பட்டாசு மருந்தை இடித்துப் போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
— சாயல்குடி வாசகர்

செய்யக் கூடாது. சொன்னவரை இனி உங்கள் வயலுக்குள் விடவும் கூடாது.

கரிமருந்து எரிந்து குண்டைத் தள்ளுகிறது. ஓசைக்காகச் செய்த பட்டாசு மருந்தோ, அலுமினியத் தூள் கலந்தது, கண்ணிமைக்கும் நேரத்தில் மொத்தமும் வெடித்துவிடும். கம்பியால் இடித்துத் திணிக்கும்போது உரசலிலேயே தீப்பிடிக்கவும் கூடும். நாட்டுத் துப்பாக்கியின் குழல் பிளப்பது பெரும்பாலும் கேப்புக்கு அருகில், அதாவது உங்கள் முகத்துக்கு ஒரு முழத் தொலைவில். தீக்குச்சி மருந்தும் அப்படியே. அவுட்டுக்காய் (இரைக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது யோசனை சொன்னால் அதையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள். அது பன்றிக்கு வைத்தாலும் ஆட்டுக்கும் நாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே வெடிக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி உரிமத்துக்கு இடம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த உரிமம், விலங்கைக் கொல்லும் உரிமம் ஆகாது. அதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாகப் பார்த்துக்கொள்கிறது. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, தமிழக அரசு 2025 ஜனவரியில் ஆணை பிறப்பித்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுபவர் வனத்துறை ஊழியராக இருக்கவேண்டும். உங்கள் நிலம் எந்த வட்டத்தில் விழுகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, சேதத்துக்கு மனுக் கொடுங்கள். மயிலும் மிளகாய் தின்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். மயில் முதல் அட்டவணைப் பறவை. குறைந்தது 3 ஆண்டுச் சிறை. அந்த ஓரக்குறிப்பை நான் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

பக்கத்துத் தோப்புக்காரருக்கும் 12 போர்தான். எனக்குக் கிடைத்ததில் ஐந்தை அவருக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, அவருக்கு வரும்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாமா?
— பெரியபட்டினம் வாசகி

அரிசி, சர்க்கரை மாதிரி இதைக் கைமாற்ற முடியாது, அம்மா. இருவருக்கும் உரிமம் இருந்தாலும், தனியார் ஒருவர் மற்றவருக்குத் தோட்டாவை மாற்றித் தருவதற்கு முன் மாவட்ட ஆட்சியருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள் கழிந்திருக்க வேண்டும். அதற்குள் கடைக்கே சரக்கு வந்துவிடும்.

என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். அங்கே கடையில் அடுக்கி வைத்திருப்பார்களாம். வரும்போது இரண்டு பெட்டி கொண்டுவரச் சொல்லலாமா? அங்கேயும் தட்டுப்பாடு வந்தது என்கிறானே, அது எப்படி?
— மண்டபம் வாசகர்

கொண்டுவரச் சொல்லாதீர்கள். உரிமமும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் பெட்டியில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தின்படி வழக்கு வரும். தெரியாமல் பையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக நீதிமன்றம் ஏறி, 'அறிந்து வைத்திருக்கவில்லை' என்று வாதாடி மீண்டவர்கள் உண்டு. இரண்டு பெட்டியைத் தெரியாமல் வந்தது என்று சொல்ல எந்த வழக்கறிஞராலும் முடியாது.

மகன் சொன்னது உண்மைதான். 2020இல் தொற்றுநோய்ப் பயமும் அரசியல் கலக்கமும் சேர்ந்து, அதுவரை துப்பாக்கியே வைத்திராதவர்களும் வாங்கப் புறப்பட்டார்கள். அவ்வாண்டு அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., துப்பாக்கி வாங்க வருபவர்களைப் பற்றிச் செய்த பின்னணிச் சோதனைகள் ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம். ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை ஆகாது என்றாலும் வேகத்தை அது காட்டும். துப்பாக்கியும் தோட்டாவும் செய்த ரெமிங்டன் என்ற பழைய நிறுவனம் அதே ஆண்டு திவாலானது. கூட்டையும் ரவையையும் வீட்டிலேயே சேர்த்துத் தோட்டா செய்துகொள்பவர்கள் அங்கே ஏராளம். ஆனால் கேப்பை வீட்டில் செய்ய முடியாது, அதைச் செய்யும் பெரிய ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். கடைகள் ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டி என்று அளந்து கொடுத்தன. அங்கே தட்டுப்பாட்டை வளர்த்தது, நாளைக்குக் கிடைக்காது என்று இன்றைக்கே வாங்கிப் பதுக்கிய கை. இங்கே வரம்பு தாண்டி யாரும் பதுக்க முடியாது, வருவதே குறைவு.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, சொந்தத் துப்பாக்கியோடு காவல் வேலை பார்க்கிறேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று வருடத்துக்குப் பத்துத் தோட்டாவாவது சுட்டுப் பழகுவேன். இப்போது அதற்கும் வழியில்லை. என்ன செய்வது?
— தேவிபட்டினம் வாசகர்

இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டுத் தீர்த்துவிட்டுத் தட்டுப்பாடு என்று எழுதியவரும் ஒருவர் இருந்தார். அதற்கு 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு என்பதோடு அவருக்கான பதிலை முடித்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்குள் ஆற்றலுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. குறி பார்ப்பதும் மூச்சைப் பிடிப்பதும் விசையை நிதானமாக இழுப்பதும் அதிலேயே பழகிவிடும். பின்னால் மண்மேடு இருக்கும் இடமாகப் பார்த்து, சுற்றுப்புறத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சக்கரக்கோட்டைக் கண்மாய் போன்ற பறவைச் சரணாலயங்களின் பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

எடுப்பது, திறப்பது, நிரப்புவது, தோளில் ஏற்றுவது ஆகியவற்றுக்கு மருந்தில்லாத போலித் தோட்டா போதும். துப்பாக்கியின் குதிரை (சுத்தி) வெற்று அறையில் அடித்து ஊசி உடைவதையும் அது தடுக்கும். அதன் நிறம் உண்மைத் தோட்டாவின் நிறமாக இருக்கக் கூடாது. பழகும் அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கவேண்டாம். பழகி முடித்ததும் போலியை வேறு டப்பாவில், வேறு அலமாரியில் வையுங்கள்.