டாம்கேட் 10க்குத் தாவலாமா?

கேள்வி: எங்கள் அலுவலக இணையச் செயலி ஜாவா 8இல், அதை இயக்கும் சர்வர் மென்பொருளான டாம்கேட் 8.5இல் ஓடுகிறது. நிரல் ஓடும்போது நடப்பதைப் பதிந்து காட்டும் லாக் வரிகளை எழுதி எழுதித்தான் பிழை தேடுகிறோம். நேராக டாம்கேட் 10க்குத் தாவலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாதம் தவறாமல் வரும் கேள்வி. தாவாதீர்கள். 10இல் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய சர்வ்லெட் (இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) பெயர்கள் 'ஜகார்த்தா' ஆகிவிட்டன. பழைய நிரல் அப்படியே ஓடாது. 8.5க்கு ஆதரவு 2024 மார்ச்சோடு முடிந்தது. ஜாவா 8இலேயே ஓடும் டாம்கேட் 9க்கு நகருங்கள்.

அதைவிட அவசரம், அந்த லாக் வரிகளைக் கைவிடுவது! டாம்கேட்டை 'கேட்டலினா ஜேபிடிஏ ஸ்டார்ட்' (catalina jpda start) என்ற கட்டளையால் கிளப்பினால் 8000ஆம் போர்ட்டில் டீபக்கருக்கு, அதாவது ஓடும் நிரலை நிறுத்தி ஆராயும் கருவிக்கு, கதவு திறக்கும். நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸை அதில் இணைத்து, சந்தேகப்படும் வரியில் நிறுத்தி, மாறிகளின் மதிப்பை நேரிலேயே பாருங்கள். ஒரு மெத்தடுக்குள் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) செய்யும் சிறு திருத்தம் சர்வரை நிறுத்தாமலே ஏறிவிடும். புது மெத்தட் சேர்த்தால் ஏறாது. வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வரில் மட்டும் அந்தப் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். நுழைபவர் எந்த நிரலையும் அங்கே ஓட்டிவிடுவார்.