நலம் கேளுங்கள்: எடை குறைப்பு ஆபரேஷன்

கேள்வி: அமெரிக்காவில் இருந்த எங்கள் பெரியப்பச்சி 1970-களில் எடை குறையக் குடல் ஆபரேஷன் செய்துகொண்டு, ஓயாத வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கல்லுமாக அவதிப்பட்டார். இப்போது என் மகளுக்கு இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ‘ஸ்லீவ்’ ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகர், தேவகோட்டை

பதில்: பயம் நியாயமானதுதான். ஆனால் இது அந்த ஆபரேஷன் இல்லை. அவருக்குச் செய்தது அநேகமாகச் சிறுகுடல் பைபாஸ். 1954-இல் மின்னசோட்டாவில் கிரெமனும் லின்னரும் விவரித்த வழி. ஆறு மீட்டர் சிறுகுடலில் அரை மீட்டர் அளவில்தான் உணவு போகும். எடை இறங்கியது. ஆனால் செரிக்காத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஆக்சலேட் ரத்தத்தில் ஏறியது. கல் வந்தது அதனால்தான். சிலருக்குக் கல்லீரலே பழுதாகி, அந்த முறை கைவிடப்பட்டது.

அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்த பெண்களுக்கு எடை ஏறுவதில்லை என்பதை அயோவாவில் எட்வர்ட் மேசன் கவனித்தார். 1966-இல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார்; இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைப்பது அது. அன்று வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். பருத்த வயிற்றில் தையல் விட்டு, குடலிறக்கம் வருவது சாதாரணம். 1994-இல் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி பைபாஸ் வந்தபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பெரிய ஆபரேஷனைத் தாங்காத மிகப் பருத்தவர்களுக்கு முதல் கட்டமாகச் செய்ததுதான் ஸ்லீவ். பலருக்கு அதிலேயே எடை நன்றாக இறங்கியதால் தனி ஆபரேஷனாக நிலைத்துவிட்டது.

இரைப்பையின் கீழ்வாசலுக்கு 4 முதல் 6 செ.மீ. தள்ளித் தொடங்கி, வாய்வழியாக இறக்கிய சுமார் 12 மி.மீ. குழாயை ஒட்டி, ஸ்டேப்லரால் மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போவார்கள். முக்கால் பங்கு போய்விடும்; வாழைக்காய் போல வளைந்த ஒரு குழாய் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் போவதால் பசி அடங்குகிறது. இரைப்பைச் சுவர் கீழே தடிமன், மேலே மெலிசு. அதற்கேற்ப ஸ்டேப்லர் பின்னின் உயரத்தை மாற்ற வேண்டும். தடித்த இடத்தில் குட்டைப் பின் போட்டால் பிடிக்காது. கசிவு பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல்முனையில்தான் வரும். நடுவளைவு இறுகிவிட்டால் மேலே அழுத்தம் கூடி அங்கே பிய்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் நாடி 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ இடது தோள் வலியோ வந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்கே உடனே போங்கள்.

மகளுக்கு நெஞ்செரிச்சல் உண்டா? ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும். இரைப்பை பைபாஸ் பற்றிக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரியும் சிடி ஸ்கேன், எண்டாஸ்கோபி உண்டா, அந்த மேசைகள் அவர் எடையைத் தாங்குமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: ஸ்லீவ் முடிந்து நான்கு மாதம். வீட்டில் கல்யாணம். வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி சாப்பிடலாமா? முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதே!
– வாசகி, காரைக்குடி

பதில்: முட்டையோ மீனோ பயறோ முதலில், பிறகு ஒரு பணியாரம், கூழாகும்வரை மென்று. கவுனி அரிசி ஒட்டும் பண்டம், சர்க்கரையும் அதிகம். ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடியுங்கள். இவற்றைவிட எனக்குக் கவலை பானகமும் சர்க்கரைக் காபியும்தான். வயிறு நிறைந்த உணர்வே தராமல் இறங்கிவிடும். எடை திரும்ப ஏறும் பாதைகளில் அதுவும் ஒன்று.

எடை வேகமாக இறங்கும்போது மூன்றாம் மாதம் தொட்டு முடி உதிரும். பெரும்பாலும் திரும்ப முளைக்கும். ஆனால் நாளுக்கு 60 கிராம் புரதம் சேர வேண்டும். மூன்று முட்டையில் 18 கிராம்தான், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி பரிசோதனை ஆண்டுதோறும் ஆயுசுக்கும் உண்டு. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் உடலில் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்து, பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கிறது’ என்று முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 33. ஆபரேஷன் உண்டா, இன்சூரன்ஸ் தருமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: 2022-இன் சர்வதேச வழிகாட்டுதல்படி ஆசியர்களுக்கு 27.5-க்கு மேலேயே பரிந்துரைக்கலாம். ஆனால் இன்சூரன்ஸுக்கு 2019-இல் வகுத்த விதி வேறு: பி.எம்.ஐ. 40, அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற கடும் நோயோடு 35. டாக்டர் சரி என்றாலும் இன்சூரன்ஸ் பணம் கிடைக்காமல் போகலாம். நாள் குறிக்குமுன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.