ஐஸ் பாரும் அலுமினாவும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பீங்கானை லேசரால் உருக்கி உறைய வைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். பொடியை அழுத்திச் சூளையில் சுட்டாலே போதுமே, எதற்கு உருக்க வேண்டும்? நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. அப்பா பாம்பனில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள தங்கைக்கு,

பாதி விடை அப்பா வேலை பார்க்கும் இடத்திலேயே இருக்கிறது. கேனிலிருந்து இறக்கிய ஐஸ் பாரை உடைக்கும் முன் வெயிலில் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் வெள்ளைத் தண்டு. ஓரத்திலிருந்து உறைந்து வரும் ஐஸ், தண்ணீரில் உள்ள காற்றையும் உப்பையும் உள்ளே சேர்க்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது. எல்லாம் கடைசியில் உறையும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. எந்தப் பக்கமிருந்து, என்ன வேகத்தில் உறைகிறது என்பதில்தான் கட்டியின் குணமே இருக்கிறது.

சுட்ட பீங்கானில் பொடியின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அந்த ஒட்டில் பல நேரம் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் தங்கிவிடும். கடும் சூட்டில் அது இளகி, மணிகள் வழுக்கும். கடும் சூட்டில் ஓடும் விமான எஞ்சினுக்குள் அது ஆகாது.

சரி, உருக்கினால்? மீன் பெட்டியில் ஐஸோடு உப்புப் போடுகிறோமே, அங்கே வாருங்கள். எடையில் 23 சதவீதம் உப்புள்ள தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. அங்கே உறையும்போது உப்பும் ஐஸும் ஒரே நேரத்தில் பின்னிக்கொண்டு உறையும். இதுதான் யூடெக்டிக். பீங்கான்களில் ஒன்றான அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) உருகுவது 2,050 டிகிரியை ஒட்டி. யாக் என்கிற இட்ரியம் அலுமினியம் கார்னெட்டைச் சரியான அளவில் சேர்த்தால் கலவை சுமார் 1,820 டிகிரியிலேயே உருகும். உறையும்போது இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொள்ளும். நடுவே கண்ணாடிப் படலம் கிடையாது. 1997இல் ஜப்பானில் வாகு குழுவினர் இதே முறையில் உறைய வைத்த அலுமினா–கடோலினியம் அலுமினேட் கலவை, 1,600 டிகிரியில் உடையாமல் வளைந்தது. பீங்கான் வளைந்தது! படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அவர்கள் மூசையில், அதாவது உருக்கும் பாத்திரத்தில், உருக்கினார்கள். லேசருக்கு மூசையே வேண்டாம். ஒரு சிறு இடம் மட்டும் உருகும், புள்ளி நகர நகரப் பின்னால் உறைந்துகொண்டே வரும். உறையும் வேகம் நான்கு மடங்கானால் பின்னலின் இடைவெளி பாதியாகும். பின்னல் நெருங்க நெருங்க வலு கூடும்.

ஆனால் விரிசல் பெரிய தொல்லை. தண்ணீரில் போட்ட ஐஸ் வெப்ப வித்தியாசம் தாங்காமல் படாரென்று வெடிக்குமே, அதே கதை. அதனால் துண்டு முழுவதையும் முன்கூட்டியே சூடாக்கிவிட்டுத்தான் லேசரைக் காட்டுகிறார்கள். அப்போதும் பெரிய துண்டுகள் விரிசல் விடுகின்றன. உங்களைப் போன்றவர்கள் வந்து செய்ய வேண்டிய வேலை இது.

அப்புறம், அப்பாவிடம் சொல்லி ஒரு கேனைப் பாதி உறைந்ததும் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் நிற்கும் தண்ணீரை ஒரு தட்டிலும், ஓர ஐஸ் உருகிய தண்ணீரை அதே அளவு இன்னொரு தட்டிலும் ஊற்றி மாடியில் காய வையுங்கள். எதில் உப்பு அதிகம் படிகிறது என்று எழுதுங்கள்.