காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும் நோய்: ஆஸ்துமா கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இன்ஹேலரைப் பற்றிய பயம். மூச்சுக்குழாய்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி தானே கழன்றுவிடும் என்பது என் அனுபவம். அதனால் கேள்விகளின் வரிசையை மாற்றி, மூச்சுக்குழாயை முதலில் வைத்திருக்கிறேன்.

எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள். ஆனால் மூச்சு முட்டுகிறது. அப்படியென்றால் நுரையீரலில் கோளாறா இல்லையா?

எக்ஸ்ரே நார்மலாக வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தொண்டைக்குக் கீழே தொடங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி பிரிந்து, ஏறத்தாழ 23 முறை கிளைவிட்ட பிறகுதான் காற்றறைகள் வருகின்றன. பிராணவாயு ரத்தத்தில் கலப்பது அங்கேதான். கோடிக்கணக்கில் இருக்கும் அந்த அறைகள் ஆஸ்துமாக்காரர்களுக்குப் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கின்றன. தகராறெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழியில்.

அந்த வழியில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. உள்சுவர் வீங்கித் தடிக்கிறது. கெட்டியான சளி சுரந்து மிச்சம் இருக்கும் இடத்தையும் அடைக்கிறது. இதில் தசை இறுகுவது சில நிமிடங்களில் நடந்துவிடும், மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் தளர்ந்தும் விடும். வீக்கமும் சளியும் அப்படியல்ல. அவை வடிய நாட்களாகும், சில நேரம் வாரங்களாகும். கீழே இருக்கும் பல பதில்கள் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன.

குழாய் கொஞ்சம் சுருங்கினால் கஷ்டமும் கொஞ்சம்தான் என்று நினைக்கத் தோன்றும். கணக்கு அப்படி வராது. காற்று சீராக ஓடும் குழாயில் விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு குழாயின் சுவர் சுற்றிலும் அரை மி.மீ. வீங்கினாலே இந்த நிலை வந்துவிடும். குழந்தைகளின் குழாய்கள் இயல்பிலேயே சிறியவை. சாதாரண ஜலதோஷத்துக்கே அவர்களில் பலருக்கு வீஸிங் (மூச்சில் விசில் சத்தம்) வருவது இதனால்தான்.

எனக்கு மூச்சை இழுக்க முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது. டாக்டரோ, மூச்சை விடுவதில்தான் உங்களுக்குப் பிரச்சினை என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரி. நீங்கள் சொல்வது உணர்வு, அவர் சொல்வது காரணம்.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது. அந்த இழுப்பில் குழாய்களும் சற்று விரிந்து கொடுக்கின்றன. விடும்போது நெஞ்சோடு சேர்ந்து அவையும் ஒடுங்குகின்றன. நல்ல குழாய்க்கு இது பொருட்டே அல்ல. ஏற்கெனவே வீங்கி இறுகிய குழாயோ கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சை இழுத்தாக வேண்டியிருக்கிறது. இப்படி ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று தங்கித் தங்கி, நுரையீரல் ஊதிய நிலையிலேயே நின்றுவிடும். நிறைந்த இடத்தில் மேலும் எதை இழுப்பது?

ஆஸ்துமா இல்லாத வீட்டார் இதைச் செய்து பார்க்கலாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் செய்ய வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதில் கொஞ்சத்தை மட்டும் விடுங்கள். மறுபடி நிறைய இழுங்கள், மறுபடி கொஞ்சமே விடுங்கள். சில மூச்சுகளுக்குள் தோள்கள் மேலே ஏறிக்கொள்ளும், கழுத்துத் தசைகள் புடைக்கும், மூச்சை இழுக்க முடியவில்லையே என்றுதான் உங்களுக்கும் தோன்றும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை, ஊதிய நுரையீரல் கீழே அழுத்தித் தட்டையாக்கிவிடுகிறது. தட்டையான உதரவிதானத்துக்கு இழுக்கும் வலு குறைவு. அதன் வேலையைக் கழுத்தும் தோளும் ஏற்றுக்கொள்கின்றன. இழுப்பு வந்தவர் கைகளை முன்னால் ஊன்றிக் குனிந்து உட்காருவதும் அந்தத் தசைகளுக்குப் பிடிமானம் தேடித்தான். "படுத்துக்கோ, சரியாகிவிடும்" என்று அவரைப் பிடித்துப் படுக்க வைக்காதீர்கள்.

பகலெல்லாம் நன்றாக இருக்கிறேன். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு இருமி எழுந்து உட்காருகிறேன். படுக்கையில் ஏதாவது கோளாறா?

படுக்கைக்கும் பங்கு இருக்கலாம். தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிப் பூச்சிகள் அலர்ஜிக்குப் பேர்போனவை. படுத்ததும் வயிற்று அமிலம் மேலே எதுக்களிப்பதும் சிலருக்குக் காரணம். ஆனால் படுக்கையை மாற்றினாலும் விடியற்காலை விடியற்காலைதான். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கும் மூச்சுக்குழாய்கள் அதிகாலை நான்கு மணி வாக்கில் சற்று ஒடுங்கித்தான் இருக்கும். வீக்கத்தை அடக்கி வைக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்து, பின்னிரவில்தான் மெல்ல ஏறத் தொடங்குகிறது. குழாய்களைச் சுருக்கும் நரம்பின் ஆதிக்கமும் தூக்கத்தில் கூடுகிறது. மற்றவர்களுக்கு இது தெரியாமலே கடந்துபோகும். உங்கள் குழாய் ஏற்கெனவே வீங்கியிருப்பதால் உங்களை எழுப்பிவிடுகிறது.

டாக்டரிடம் போகும்போது பலர் இதைச் சொல்வதே இல்லை. பகலில் மூச்சு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு இரவில் தூக்கம் கெடுவதைவிடத் தெளிவான அடையாளம் அதிகம் இல்லை.

இன்ஹேலர் பழகிவிட்டால் அதை விடவே முடியாது என்கிறார்கள். ஸ்டீராய்டு வேறு. மாத்திரையிலேயே சமாளிக்கக் கூடாதா?

எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. கேட்டவர் மீது அல்ல, இப்படிச் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் மீது.

அடிமைப்படுத்தும் மருந்து என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தோன்ற வேண்டும். தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரில், அதாவது தடுப்பு இன்ஹேலரில், அப்படி எதுவும் இல்லை. நோய் மாதக்கணக்கில் அடங்கியிருந்தால் நாங்களே அளவைக் குறைக்கிறோம். நிறுத்தியதும் இழுப்பு திரும்புகிறது என்றால், வீக்கம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

இப்போது அளவைப் பாருங்கள். மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் மருந்தான சால்புட்டமால், மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். இன்ஹேலரில் ஒரு பஃப் (ஒரு முறை அடிப்பது) 100 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். அதாவது அந்த மாத்திரை 40 பஃப்களுக்குச் சமமான மருந்தை வயிறு, ரத்தம், இதயம் என்று உடம்பெல்லாம் சுற்றவிட்டு, அதில் ஒரு துளியைத்தான் மூச்சுக்குழாயிடம் சேர்க்கிறது. கை நடுக்கமும் படபடப்பும் மாத்திரையில் அதிகம் இருப்பதில் வியப்பென்ன? ஸ்டீராய்டிலும் இதே கதைதான். இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலருக்குப் பயந்து அதை விட்டவர்தான் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் வாங்குகிறார்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குரல் கம்மலாம், வாயில் வெள்ளைப் பூஞ்சை படரலாம். மருந்து எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பூஞ்சை பெரும்பாலும் வராது. சிறு வயதிலிருந்து நீண்ட நாள் எடுக்கும் பிள்ளைகளின் உயரம் சுமார் 1 செ.மீ. குறையலாம். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

ஒரு கிளைக்கதை. கையடக்க ஸ்பிரே இன்ஹேலர் 1956இல்தான் விற்பனைக்கு வந்தது. ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தும் வரக்கூடாதா என்று அந்தப் பெண் கேட்டதிலிருந்து தொடங்கிய வேலை அது. அதற்கு முன் கண்ணாடிக் கருவியின் ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கித்தான் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீல நிற இன்ஹேலர் அடித்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. தினமும் எடுக்கச் சொன்ன இன்னொன்று ஒன்றும் செய்வதில்லை. நீலம் மட்டும் போதாதா?

போதாது. எனக்கு மிகவும் கவலை தருவது உங்களைப் போன்றவர்கள்தான்.

நீலத்தில் பெரும்பாலும் இருப்பது சால்புட்டமால். நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்பதால் பெயரைப் படித்துக்கொள்ளுங்கள். அது தசையைத் தளர்த்தும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சுவரின் வீக்கத்தையும் சளியையும் அது தொடுவதில்லை. நீங்கள் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்திலும் உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகலாம். 'ஒன்றும் செய்வதில்லை' என்று நீங்கள் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அந்த வீக்கத்தை வடிய வைக்கிறது. அதன் பலன் தெரிய நாட்கள் ஆகும். நன்றாக வேலை செய்தால் தெரியவே தெரியாது, இழுப்பு வராமல் போய்விடும், அவ்வளவுதான்.

உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019இல் தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தாண்டியவர்களுக்கும் சால்புட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், லேசான ஆஸ்துமா ஆனாலும் ஸ்டீராய்டு சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது. ஸ்டீராய்டும் ஃபார்மோட்டராலும் கலந்த இன்ஹேலர் ஒன்றையே அவசரத்துக்கும் தினசரிக்கும் பயன்படுத்தும் முறை இப்போது பரவலாகி வருகிறது. ஃபார்மோட்டரால் சால்புட்டமால் போலவே சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் இது முடிகிறது. இரண்டு இன்ஹேலர் வைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

சால்புட்டமால் டப்பா ஒன்றில் வழக்கமாக 200 பஃப் இருக்கும். வருடத்துக்கு மூன்று டப்பா தீர்கிறது என்றாலே கடும் இழுப்புக்கான ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று தீர்கிறவர்களுக்கு உயிராபத்தே கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019இல் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 4,55,000 பேர். மருந்து இருக்கிற நோயில் இத்தனை சாவு.

குழந்தைக்கு நெபுலைசர்தானே சக்தி அதிகம்? ஸ்பேசர் வெறும் பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கிறதே?

நெபுலைசர் என்பது மருந்தைப் புகை போல நுண்துளிகளாக்கித் தரும் கருவி. ஸ்பேசர் என்பது ஸ்பிரே இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை. புகை வருவதால் நெபுலைசருக்குச் சக்தி அதிகம் என்று தோன்றுகிறது. மிகக் கடுமையான இழுப்பைத் தவிர மற்ற நேரங்களில் ஸ்பேசர் நெபுலைசருக்குச் சளைத்ததல்ல. ஸ்பிரே அதிவேகத்தில் பீறிட்டு வரும். நேராக வாய்க்குள் அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரில் அந்த வேகம் அடங்கி, நுண்துளிகள் மட்டும் மெதுவாக உள்ளே போகும். பெரியவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்.

பவுடர் இன்ஹேலர் வேறு ரகம். அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். ஸ்பிரேயை மெதுவாக இழுக்க வேண்டும். எதுவானாலும் இழுத்த பிறகு முடிந்தால் பத்து விநாடி மூச்சை அடக்குங்கள். "மருந்து கேட்கவில்லை" என்று வருகிறவர்களை என் எதிரில் ஒருமுறை எடுத்துக்காட்டச் சொல்வேன். மூடியைக் கழற்றாமல் அடிப்பவர்கள்கூட உண்டு.

எனக்கு வீஸிங் கிடையாது, இருமல் மட்டும்தான். இரண்டு மாதமாகப் போகவில்லை. ஆஸ்துமாவாக இருக்குமா?

இருக்கலாம். இருமலை மட்டுமே காட்டும் ஆஸ்துமா உண்டு, இரவிலும் சிரித்தாலும் ஓடினாலும் கூடும். ஆனால் இவ்வளவு நாள் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஸ்பைரோமெட்ரி என்ற, குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையைச் செய்து பாருங்கள். ஊதிவிட்டு, மருந்து எடுத்துவிட்டு, மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு பெரியவர்களுக்கு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்குச் சாதகமான முடிவு. நல்லாயிருக்கும் நாளில் ஊதினால் நார்மலாகவே வரலாம், அதை வைத்து ஆஸ்துமா இல்லை என்று தள்ளிவிட முடியாது.

ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை, ஓடி முடித்ததும் நெஞ்சு இறுகுகிறது. விளையாட்டை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். ஓடும்போது வாயால் நிறையக் காற்றை இழுக்கிறீர்கள். மூக்கு ஈரமாக்கிச் சூடாக்கித் தரும் வேலை நடக்காததால் குழாயின் உட்சுவர் உலர்ந்து, அங்கிருக்கும் செல்கள் தசையை இறுக்கும் ரசாயனங்களை வெளியிடுகின்றன. நின்ற சில நிமிடங்களில் இறுக்கம் உச்சத்துக்குப் போய், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். ஓட்டத்துக்கு முன் மெதுவாக உடம்பைச் சூடேற்றிக்கொள்வதும், டாக்டர் சொன்னால் முன்கூட்டியே ஒரு மருந்தும் பெரும்பாலும் போதும். இழுக்கும்போது தொண்டையில் கிரீச்சிட்டால், அது ஆஸ்துமா இல்லாமல் குரல்நாண் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், சொல்லுங்கள்.

இழுப்பு வந்தபோது ஆக்ஸிமீட்டரில் 96 காட்டியது. அதனால் வீட்டிலேயே இருந்துவிட்டோம். சரிதானே?

தப்பித்தீர்கள் என்றுதான் சொல்வேன். இழுப்பின் தொடக்கத்தில் ஆள் வேகமாக மூச்சு வாங்கி ஆக்ஸிஜனைத் தக்கவைத்துக்கொள்கிறார். கரியமிலவாயு வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். தசைகள் ஓய்ந்துபோகும்போதுதான் அது ஏறும். கடும் இழுப்பில் இருப்பவரின் ரத்தத்தில் கரியமிலவாயு 'நார்மல்' என்று வந்தால் நாங்கள் பதறுகிறோம், ஏனென்றால் அவர் களைத்துவிட்டார். 92க்குக் கீழே போனால் ஆபத்து என்பது உண்மை, 96 இருந்தால் ஆபத்தில்லை என்பது உண்மையல்ல.

எண்ணைவிட ஆளைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் ஓரிரு சொல்லில் நிறுத்துகிறாரா? மூச்சிழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போகிறதா? உதடு நீலம் பாய்கிறதா, தூக்கக்கலக்கம் போலச் சொருகுகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். இன்னொன்று: இவ்வளவு நேரம் கேட்ட விசில் சத்தம் திடீரென்று அடங்கி, ஆளும் சோர்ந்துபோனால் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை.

உதவி வரும்வரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். டாக்டர் எழுதித் தந்த திட்டம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் ஸ்பேசரில் சால்புட்டமால் ஒரு பஃப், நான்கு மூச்சு, அடுத்த பஃப் என்று நான்கு பஃப் கொடுத்து, நான்கு நிமிடம் பார்த்து, தேறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். ஆவி பிடிக்க வைப்பதில் பயனில்லை, வெந்நீர் கொட்டிச் சூடுபட்டதுதான் மிச்சமாகும்.

மகனுக்கு நான்கு வயது. வளர்ந்தால் தானே போய்விடும் என்கிறார்கள்.

சளிக்காய்ச்சலின்போது மட்டும் வீஸிங் வரும் சிறு பிள்ளைகளில் பலருக்குப் பள்ளி வயதில் நின்றுவிடுகிறது. தோலில் கரப்பான் (எக்ஸிமா), அலர்ஜி, பெற்றோருக்கு ஆஸ்துமா என்று இருந்தால் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். எப்படியானாலும் போய்விடும் என்று காத்திருந்து இப்போதைய சிகிச்சையை நிறுத்தாதீர்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துங்கள், ஜன்னலோரம் நின்று பிடிப்பதும் கணக்கில் சேரும்.

அப்பாவுக்குப் பல வருடமாக அடங்கியிருந்த ஆஸ்துமா, கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போடத் தொடங்கிய பிறகு திரும்பிவிட்டது. சம்பந்தம் உண்டா?

உண்டு. அந்தச் சொட்டு மருந்தில் டிமோலால் இருக்கிறதா பாருங்கள். சால்புட்டமால் எந்தக் கதவைத் திறந்து தசையைத் தளர்த்துகிறதோ, அந்தக் கதவை டிமோலால் அடைத்துவிடும். கண்ணில் விட்டது மூக்குவழியாக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. இன்றே கண் டாக்டரைக் கூப்பிட்டு ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள், வேறு வகைச் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. கண் அழுத்தத்தையும் விட்டுவைக்க முடியாது என்பதால் அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.