ஓவியமும் கூத்தும் கதையும் அகதிகளின் மனம் தேறவும் புது ஊரோடு ஒட்டவும் உண்மையில் உதவுமா?

கேட்டவர் ஏதோ ஒரு முகாமுக்குத் தொண்டராகப் போகப்போகிறவர், கலர்ப் பெட்டியெல்லாம் வாங்கியபிறகு சந்தேகம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னிக்கவும். நான் முகாமில் இருந்து அப்படி ஒரு பெட்டியைக் கைநீட்டி வாங்கிய பக்கத்து ஆள்.

நாடு தாண்டாததால் சட்டப்படி நாங்கள் அகதிகள் இல்லை, ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’. ஆனால் முகாம் இருந்த யாழ்ப்பாணத்து மல்லாகத்தில் எங்களை ‘அகதி முகாம் ஆக்கள்’ என்றுதான் சொன்னார்கள். ஆகவே இதற்குப் பதில் சொல்ல நீ யார் என்று ஒருவரும் தொடங்க வேண்டாம்.

எங்கள் ஊர் மயிலிட்டி, யாழ்ப்பாணத்தின் வடகரை மீன்பிடி ஊர். 1990 ஜூனில் சண்டையால் சனம் ஊரைவிட்டு எழும்பியது. நான் அடுத்த வருடம் பிறந்தவன், ஊரைக் கண்டதே இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது, ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது, அதோடு முகாமுக்கு வாகனங்களும் வரத் தொடங்கின. ஒருநாள் ஒரு குழு எங்களைப் பாயில் இருத்தி, ‘மனதில் இருப்பதை வரையுங்கள்’ என்றது. நான் ஒரு ஹெலிகொப்டர் வரைந்தேன். கீழே விழும் குண்டு, நிலமெல்லாம் சிவப்பு. பக்கத்தில் இருந்த பிள்ளை ஒரு கோழியும் ஆறு குஞ்சும் வரைந்தாள். வந்த அக்கா என் படத்தைக் கண்டதும் முழங்காலில் இருந்து தலையைத் தடவி, 24 கலர்ப் பெட்டி ஒன்று தந்தார். கோழிக்கு ஒரு பிஸ்கட் பைக்கற். அடுத்த குழு வந்தபோது அவளும் ஹெலிதான் வரைந்தாள். மேலே சுற்றுகிற விசிறியை எப்படிக் கீறுவது என்று என்னிடம்தான் கேட்டாள்.

படங்களைக் கண்காட்சிக்கு என்று கொண்டுபோனார்கள். ஒன்றும் திரும்பி வரவில்லை.

உளவளத்துணை செய்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இரவில் கத்திக்கொண்டு எழும்புகிற ஆட்கள் எங்கள் முகாமிலும் இருந்தார்கள். அவர்களுக்குக் கலர்ப் பெட்டி காணாது, வைத்தியர் வேண்டும். நான் சொல்வது பார்க்க வருகிறவர்களுக்காக வரைகிற படத்தைப் பற்றி.

ஊரோடு ஒட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு அது ஒரு கிணறு. பக்கத்து வளவில் நல்ல தண்ணீர், சொந்தக்காரி ஒரு ஆச்சி. காலையில் ஒரு மணித்தியாலம் விடுவார். எங்கள் வாளி உள்ளே இறங்கக்கூடாது, தன் வாளியால் தானே அள்ளி ஊற்றுவார். இத்தனைக்கும் ஒரே பாஷை, ஒரே சாமி, மயிலிட்டி அங்கிருந்து பத்துக் கிலோமீற்றர் வராது.

அடுத்த வருடம், ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்த ஒரு மாமா முகாமில் காத்தவராயன் கூத்துப் பழக்கினார். ஊரடங்கு இல்லாததால் விடியும்வரை ஆடலாம். காத்தானை ஒரே ஆள் முழுக்க ஆடுவதில்லை, வயதுக்கேற்ப ஆள் மாறும். எனக்குச் சிறுவயதுப் பாலக்காத்தான். காத்தானின் தாய் முத்துமாரிக்கு உடுத்தப் பட்டுச்சேலை முகாமில் ஒருவரிடமும் இல்லை. மாமா நேரே போய் ஆச்சியிடம் கேட்டார், தந்துவிட்டார். கூத்தன்று தன் சேலைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் வந்தாராம். காத்தான் கழுமரம் ஏறும்வரை முன்னால் சாக்கில் இருந்த ஆள் அசையவில்லை.

அதோடு கிணறு திறந்தது என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை. வாளி அதே வாளி. ஆனால் தண்ணீர் ஊற்றும்போது, “எடேய் காத்தான், தாயிட்டைக் கேக்கிற பாட்டை ஒருக்காப் படி” என்பார். நான் படித்து முடியும்வரை அள்ளிக்கொண்டே இருப்பார். அம்மா என்னோடு இரண்டு குடம் கூடுதலாக அனுப்பத் தொடங்கினார். என் சொந்தப் பெயர் ஆச்சிக்குக் கடைசிவரை தெரியாது.

அம்மாவுக்குப் படம் வரையத் தெரியாது. ஆனால் மழை நாட்களில் கொட்டிலுக்குள், மண் நிலத்தில் ஈர்க்குக் குச்சியால் மயிலிட்டி வீட்டைக் கீறுவார். கிணற்றில்தான் தொடங்குவார். அதிலிருந்து பதினெட்டு எட்டு நடந்தால் அடுப்படி, பூவரசுக்கு வடக்கே ஐயா, அதாவது என் அப்பா, வலை காயப்போடும் இடம். பிறகு காலால் அழித்துவிட்டுச் சோறு போடுவார். ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொல்லி, 2011இல் அதை ஒரு நூலாக்கினார். அந்நியர் ஆட்சிக்காலக் காணிப் பதிவேடான ‘தோம்பு’ என்ற சொல் அதன் தலைப்பில் இருக்கிறது. பார்த்தபோது இது அம்மாவின் வேலையல்லவா என்று நினைத்தேன். அழு என்று கேட்காமல், அடுப்படி எங்கே இருந்தது என்று கேட்டால் சனம் சொல்லும். உங்கள் முகாமிலும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். கலர்ப் பெட்டியைப் படம் பார்க்க முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள்.

2017 ஜூலையில் இராணுவம் தன் பிடியில் இருந்த மயிலிட்டித் துறைமுகத்தையும் கொஞ்சக் காணியையும் விட்டது. அதே மாதம், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையைத் தடைசெய்யும் சட்டத் திருத்தமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஐயா இரண்டுக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு அதே துறைமுகத்தில் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். அப்படியான படகுகளால் ஐயாவின் வலை மூன்று தரம் அறுந்தது, நட்டஈடாக ஐந்து சதம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் கோபிக்க வேண்டாம், கூலிக்கு வருகிறவனில் எனக்குக் கோபம் இல்லை, படகு முதலாளியில்தான். கேள்விக்கு இது தேவையில்லை, தெரியும்.

சரி, காணிக்குப் போனோம். வீடு இல்லை, பூவரசும் இல்லை. தூர்ந்த கிணறு மட்டும். அம்மா கிணற்றுக்கட்டில் கையை வைத்து, பிறகு எண்ணி எண்ணிப் பதினெட்டு எட்டு நடந்து பற்றைக்குள் நின்று, “இதிலதான் அடுப்படி” என்றார். நான் காலால் கிளறிப் பார்த்தேன். வெறும் மண்.

“இன்னும் ரெண்டு மூண்டு எட்டுப் போகோணும்” என்றார் அம்மா. “எனக்கு இப்ப எட்டுச் சின்னனாப் போச்சு.”