5040 குடும்பங்கள் எதற்கு?

வணக்கம். ‘குடியரசு’ நூலில் ஞானிகள் ஆளவேண்டும் என்ற பிளேட்டோ, கடைசியாக எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் நகரத்துக்குச் சரியாக 5040 குடும்பங்கள் வேண்டும் என்கிறாராமே? எண் சோதிடம் மாதிரி இருக்கிறது. நீதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிளேட்டோவுக்கு எண் மயக்கம் உண்டு. கொடுங்கோலனைவிட நல்லரசன் 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான் என்று ‘குடியரசி’ல் கணக்குப் போட்டவர்தான் அவர். ஆனால் 5040 அந்த ரகமல்ல. அது கணக்குப்பிள்ளையின் எண்.

1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும்; 12ஆலும்தான். 11 மட்டும் இடிக்கும். இரண்டு குடும்பங்களைக் கழித்தால் அதுவும் சரியாகிவிடும் என்று அவரே சமாதானம் சொல்கிறார் (5038 = 11 × 458). 5040ஐ விட்டுவிட்டால் அதற்கு 59 வகுத்திகள். படை திரட்டவோ வரி பிரிக்கவோ நிலம் பங்கிடவோ எத்தனை கூறு போட்டாலும் யாருக்கும் கூடாது, குறையாது.

கிரீட் தீவில் புதிதாக நிறுவப்போவதாக நூலில் கற்பனை செய்யப்படும் மக்னீசியாதான் அந்த நகரம். 12 குலங்கள், குலத்துக்கு 420 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு நிலம். அதை இரண்டு துண்டாகத் தருகிறார்கள்: ஒன்று நகருக்கு அருகில், மற்றது எல்லைப் பக்கம். அருகில் கிடைத்தவனுக்கு இன்னொரு துண்டு அந்த அளவுக்குத் தொலைவில் இருக்கும். மண் மோசமென்றால் பரப்பு கூடும், வளமென்றால் குறையும். இரண்டு இடத்தில் வீடு வைத்துக் குடித்தனம் நடத்துவது கடினம் என்று பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் இதைக் கண்டித்தார். பிறகு தன் சொந்த நகரத் திட்டத்தில் அவரே ஆளுக்கு இரண்டு துண்டு நிலம் கொடுத்துவிட்டார்!

‘குடியரசி’ல் நீதி என்பது அவரவர் தத்தம் வேலையைச் செய்வது. நகரம் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். போரிட ஆயிரம் பேர் போதும் என்று அங்கே எளிதாகச் சொல்லிவிடுகிறார். நகரத்தை ஆண்டு காக்கும் காவலர்களுக்கு அங்கே சொத்தே இல்லையே, பங்குப் பிரச்சினை எங்கிருந்து வரும்? மக்னீசியாவை அவரே இரண்டாவது சிறந்த நகரம் என்கிறார். இங்கே எல்லோருக்கும் சொத்து உண்டு. ஆகவே நீதி, எல்லை கட்டும் வேலையாகிவிடுகிறது. ஒரு பங்குக்குக் கீழே யாரும் போகக்கூடாது. அந்தப் பங்கின் மதிப்பைப்போல நான்கு மடங்குக்கு மேல் சேர்ந்தால் உபரி நகரத்துக்கும் தெய்வங்களுக்கும் போகும்.

எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது, காப்பாற்றுவதுதான் கடினம். பங்கை விற்கமுடியாது, பிரிக்கமுடியாது. ஒரு மகனுக்கு மட்டுமே நிலம். மற்ற மகன்கள் பிள்ளையில்லாத வீடுகளுக்குத் தத்துப் போகவேண்டும். பெண்களுக்கு வரதட்சணை கிடையாது. ஒரு கல்யாணத்தில் நிலமும் பணமும் வேறு வீட்டுக்குப் போய்விடக்கூடாது அல்லவா? பிறப்பு அதிகமானால் கட்டுப்படுத்த வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மிஞ்சியவர்களை வெளியே குடியேற்றமாக அனுப்பவேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகளை விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டா சான்று. 30,000 காலாட்படையைத் தாங்கக்கூடிய நாட்டில் ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை என்கிறார் அரிஸ்டாட்டில். நிலத்தைத் தானமாகவும் உயிலாலும் கைமாற்ற விட்டார்கள், வரதட்சணையும் பெரிது. நிலம் சிலர் கையில் குவிந்தது. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருந்ததாம்.

சொத்துக்கு எல்லை கட்டிவிட்டுப் பிறப்புக்குக் கட்டாமல் விட்டார் என்பது பிளேட்டோமீது அரிஸ்டாட்டிலின் குறை. எனக்கு இது பாதி நியாயமாகத்தான் படுகிறது. மேலே சொன்ன ஏற்பாடுகளை அரிஸ்டாட்டில் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் சொல்லும் இன்னொரு குறை கூர்மையானது: வேலை செய்யாத ஐயாயிரம் பேருக்கும், பல மடங்கான பெண்கள், பணியாட்களுக்கும் சோறு போட பாபிலோன் அளவு நிலம் வேண்டுமே!

ஏனென்றால் அந்த 5040 குடும்பத்தார் கைத்தொழிலோ வணிகமோ செய்யக்கூடாது. வயலில் அடிமைகள், பட்டறையிலும் கடையிலும் அந்நியர். இவர்கள் யாரும் எண்ணிக்கையில் சேர்த்தி இல்லை. குடியேறும் அந்நியனிடம் வரி வாங்கமாட்டார்கள். கையில் ஒரு தொழில் இருந்து ஒழுங்காக நடந்துகொண்டால் போதும். ஆனால் சிறப்புச் சலுகை கிடைத்தாலொழிய, 20 ஆண்டுகள் முடிந்ததும் தன் பொருள்களை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டும்.