சுக்கிரன் மேல் பழி போடாதீர்கள்!

கேள்வி: வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து கிளம்பிய வானியலாளர் லெ ஜென்டில், 11 வருடம் அலைந்தும் இரண்டு தடவையும் கோட்டை விட்டாராமே! அவர் ஜாதகத்தில் சுக்கிரன் நீசமோ?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: சுக்கிரன் பாவம், இரண்டு தடவையும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. 1761-ல் நிஜமாகவே கோட்டையை விட்டது பிரெஞ்சுப் படை. லெ ஜென்டில் மாஹே பக்கம் வந்தபோதுதான், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போன சேதி தெரிந்தது. கப்பலைத் திருப்பிவிட்டார்கள். ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்று வெள்ளியைப் பார்க்கத்தான் செய்தார். ஆனால் பயணத்தின் நோக்கமே சூரியனின் தூரத்தைக் கணக்கிடுவதுதான். நிற்கிற இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமான நேரமும் தெரியாமல் பார்த்ததை வைத்து அதைக் கணக்கிட முடியாது.

அடுத்த தடவைக்கு மணிலாவில் தங்கத்தான் ஆசைப்பட்டார். அங்கிருந்த ஸ்பானிய கவர்னருக்கு அவர் மேல் சந்தேகம். பாரிஸ் அறிவியல் அகாதெமிக்கோ, அதற்குள் பிரெஞ்சுக்காரர் கைக்கே திரும்பிவிட்ட புதுச்சேரிதான் வேண்டும். 1768-ல் வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். (சென்னையிலிருந்து ஆங்கிலேயர்களே ஒரு நல்ல தொலைநோக்கி அனுப்பினார்கள். சண்டை வேறு, சுக்கிரன் வேறு போலிருக்கிறது!) 1769 ஜூன் 3 இரவு, புதுச்சேரி கவர்னரோடு சேர்ந்து வியாழனின் நிலவுகளைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார். பின்னிரவு இரண்டு மணிவாக்கில் மேகம் கட்டியது. விடிந்து, வெள்ளி சூரியனை விட்டு விலகும்வரை கலையவில்லை. அப்புறம் பளீரென்று வெயில்! மணிலாவில் அன்று வானம் சுத்தமாக இருந்ததாம். இரண்டு வாரத்துக்கு மேல் அவருக்குப் பேனாவைத் தொடவே மனசு வரவில்லை.

1771-ல் ஊர் திரும்பினால், ஆள் போய்விட்டார் என்று சொத்தைப் பங்கு போடக் கிளம்பியிருந்தார்கள் உறவினர்கள். அகாதெமியில் அவர் இடமும் கைமாறியிருந்தது.

'ராசியில்லாதவர்' கதை சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் ஜாதகம் பற்றிக் கேட்டதால் மிச்சத்தையும் சொல்கிறேன். புதுச்சேரியில் காத்திருந்த நாட்களில் அவர் நம்மவர்களிடம் பஞ்சாங்கக் கணிதம் கற்றுக்கொண்டார். பேனா, காகிதம் எதுவும் கிடையாது. தரையில் சோழிகளைப் பரப்பி, நகர்த்தி நகர்த்தியே அவர்கள் கிரகணம் கணிக்கிற வேகத்தைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார். ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணக்கு காட்டிய நேர அளவு, நிஜமாக நீடித்ததைவிட 41 விநாடி குறைவு. ஐரோப்பாவே மெச்சிய ஜெர்மன் வானியலாளர் டோபியாஸ் மேயரின் நிலா அட்டவணைப்படி போட்டால் 68 விநாடி அதிகம்.